லினக்ஸ் கெர்னலின் கேஃபைஃபோ: ஒருவர் போட, ஒருவர் எடுக்க ஒரு நல்ல வளையம்

கருவியைக் கெர்னலோடு பேசவைக்கும் நிரலான டிரைவரை எழுதுகிறவர்களுக்கு, கடைசி இடம் முடிந்ததும் முதல் இடத்துக்கே திரும்பும் ரிங் பஃபர் இல்லாமல் வேலை ஓடாது. ஒரு பக்கம் கருவியிலிருந்து தரவு வந்துகொண்டே இருக்கும், அதை அந்தக் கணமே எங்காவது போட்டாக வேண்டும். இன்னொரு பக்கம் அதை நிதானமாக எடுத்துப் போக, தனியே ஓடும் ஒரு வேலை, அதாவது ஒரு த்ரெட், காத்திருக்கும். ஒருவர் முடிக்கும்வரை மற்றவரைக் காக்கவைக்கும் லாக் இல்லாமல் இவர்கள் இருவருக்கும் நடுவில் நிற்கும் வளையமாக லினக்ஸ் கெர்னலே தரும் பொருள்தான் கேஃபைஃபோ (kfifo). எங்கள் கருவியில் வைத்து நன்றாக ஓட்டிப் பார்த்துவிட்டேன். தாராளமாகப் பயன்படுத்தலாம் என்பது என் தீர்ப்பு. ஆனால் அதன் நிபந்தனைகளையும், படிக்கும் பக்கத்தில் அது விட்டுவைத்திருக்கும் ஒரு இடைவெளியையும் தெரிந்துகொண்டு பயன்படுத்துங்கள். அந்த இடைவெளியைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப் போகிறேன்.

நாங்கள் சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் இருக்கும் சின்ன அலுவலகம். கட்டடங்களின் குளிரூட்டி பம்புகளில் ஒட்டி அதிர்வை அளக்கும் கருவி செய்கிறோம். சிங்கப்பூரில் குளிரூட்டி ஓய்வதே இல்லை, அதனால் பம்பு பழுதாவதற்கு முன்பே தெரிந்துகொள்ள விரும்பும் கட்டட நிர்வாகங்களும் நிறைய. கருவிக்குள் இருப்பது ராஸ்பெர்ரி பை கம்ப்யூட் மாட்யூல் 4, அதாவது நான்கு கார்ட்டெக்ஸ் ஏ72 கோர்கள். கெர்னல் 6.6. உணர்கருவி எஸ்பிஐ என்ற தொடர் இணைப்பு வழியாகப் பேசும். எஸ்பிஐ பரிமாற்றம் தூங்கக்கூடியது (முடியும்வரை காத்து நிற்கும்) என்பதால் தரவை எடுத்து வளையத்தில் போடுவது த்ரெடட் இன்டரப்ட் கையாளி, அதாவது கருவியின் அழைப்புக்குத் தனி த்ரெடில் பதில் சொல்லும் நிரல். எடுத்துப் போவது, சாதனக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும் ஒரு நிரல். இரண்டும் எந்தக் கோரில் வேண்டுமானாலும் ஓடும், பாதியில் கோர் மாறவும் செய்யும். த்ரெட் பாதுகாப்பு இங்கே உண்மையிலேயே தேவை.

கேஃபைஃபோவுக்கு முன்பு இருந்தது உணர்கருவி விற்றவர்கள் தந்த டிரைவர். அதில் அவர்களே கட்டிய ஒரு வளையம். அடுத்து எழுத வேண்டிய இடத்தைக் காட்டும் எழுதும் சுட்டெண், அடுத்து படிக்க வேண்டிய இடத்தைக் காட்டும் படிக்கும் சுட்டெண் இரண்டுக்கும் வாலடைல் என்று (ஒவ்வொரு முறையும் நினைவகத்திலிருந்தே படி என்று கம்பைலருக்குச் சொல்லும் குறி) போட்டிருந்தார்கள், அத்தோடு சரி. மேசையில் இருக்கும் இன்டெல் கணினியில் போலி உணர்கருவியோடு ஓட்டினால் ஒரு குறையும் இல்லை. அதே நிரல் ஏஆர்எம் பலகைக்குப் போனதும் அதிர்வு வரைபடத்தில் எப்போதாவது ஒரு முள் துருத்திக்கொண்டு நிற்கும். அந்த முள் உணர்கருவியின் சத்தம் இல்லை. மதிப்பைப் பார்த்தால் வளையம் முந்தைய சுற்றில் அதே இடத்தில் வைத்திருந்த பழைய எண். புதிய சுட்டெண் தெரிந்துவிட்டது, புதிய தரவு இன்னும் தெரியவில்லை.

எங்கள் குழுவில் மதுரையிலிருந்து வந்த தம்பி ஒருவன் இருக்கிறான். "அக்கா, இன்டெல்ல ஒழுங்கா ஓடுதே, இங்க மட்டும் ஏன் குப்பை வருது?" என்றான். "இன்டெல் நீ கேக்காமலே வரிசையக் காப்பாத்திக் குடுக்குதுப்பா. ஏஆர்எம் நீ கேட்டாத்தான் குடுக்கும்" என்றேன். அன்றைக்கு அவனுக்குச் சொன்ன உதாரணத்தையே இங்கேயும் சொல்கிறேன். வீவக புளோக்கின் கீழ்த்தளத்தில் பொட்டலம் வாங்கும் பெட்டகம் இருக்கிறது. பொட்டலத்தை உள்ளே வைத்த பிறகுதான் உங்கள் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வர வேண்டும். குறுஞ்செய்தி முந்திக்கொண்டால் நீங்கள் கீழே இறங்கிப் போய்க் கதவைத் திறக்கும்போது உள்ளே இருப்பது வேறொன்றாக இருக்கும். தரவு என்பது பொட்டலம், சுட்டெண் என்பது குறுஞ்செய்தி.

இன்டெல், ஏஎம்டி சிப்புகளில் ஒரு கோர் எழுதிய இரண்டு எழுத்துகள் மற்ற கோர்களுக்கு அதே வரிசையில்தான் தெரியும். இரண்டு படிப்புகளும் வரிசை மாறாது. எழுதிவிட்டு வேறு இடத்தைப் படிக்கும்போது மட்டும் வரிசை மாறலாம். ஏஆர்எம்மில் இந்த உத்தரவாதம் கிடையாது. ஒன்றோடொன்று சார்பில்லாத எழுத்துகளும் படிப்புகளும் எப்படி வேண்டுமானாலும் முன்பின்னாகத் தெரியலாம். வாலடைல் கம்பைலரை மட்டுமே கட்டுப்படுத்தும், சிப்பை அல்ல. அதற்கு முன்பின் மாறாமல் தடுக்கும் மெமரி பேரியர் வேண்டும், அல்லது வரிசையைக் காக்கும் எழுத்தும் படிப்புமான ஸ்டோர் ரிலீஸ், லோட் அக்வயர் என்ற ஜோடி வேண்டும்.

சரி, இனி கேஃபைஃபோ. ஒரே எழுதுபவர், ஒரே படிப்பவர் என்றால் வளையத்துக்கு லாக் வேண்டாம் என்பதை லெஸ்லி லாம்போர்ட் 1977-லேயே நிரூபித்துவிட்டார். நினைவக வரிசை மாறாத கணினியை வைத்துச் செய்த நிரூபணம் அது. அந்த எண்ணத்தின் லினக்ஸ் வடிவத்தை முதலில் எழுதியவர் ஸ்டெலியன் பாப், 2004-இல். இப்போது நாம் பயன்படுத்தும் வடிவம் ஸ்டெஃபானி சீபோல்ட் பிறகு மாற்றி எழுதியது. உள்ளே இன், அவுட் என்று இரண்டு 32 பிட் எண்கள். எழுதுபவர் இன்னை மட்டும் கூட்டுவார், படிப்பவர் அவுட்டை மட்டும் கூட்டுவார். ஒருவர் எண்ணை மற்றவர் பார்ப்பார், தொட மாட்டார். லாக் வேண்டாம் என்ற துணிச்சல் இந்த ஒழுங்கிலிருந்துதான் வருகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது அந்த எண்களைச் சுழற்றும் விதம். வளையத்தின் கடைசிக்கு வந்ததும் பூஜ்யத்துக்குத் திருப்புவதில்லை. எண்கள் பாட்டுக்கு ஏறிக்கொண்டே போகும், 32 பிட்டும் நிரம்பினால் தானாகப் பூஜ்யமாகும். இடத்தைக் கண்டுபிடிக்கும்போது மட்டும் மாஸ்க் போட்டு, எண்ணின் கீழ் பிட்டுகளை எடுத்துக்கொள்வார்கள். அளவு 2-இன் அடுக்காக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இதனால்தான். அப்போதுதான் அந்த அளவு 2-இன் 32-ஆம் அடுக்கை மீதியில்லாமல் வகுக்கும், எண் நிரம்பி வழியும் தருணத்திலும் இடம் தவறாது. இன்னிலிருந்து அவுட்டைக் கழித்தால் உள்ளே எத்தனை இருக்கிறது என்று நேராக வந்துவிடும். கெர்னலின் பழைய சர்க் பஃப் மேக்ரோக்களில் நிரம்பியதையும் காலியானதையும் பிரித்தறிய ஓர் இடத்தைக் காலியாகவே விட வேண்டும். இங்கே கடைசி இடம் வரை பயன்படும். கேஃபைஃபோ_அலாக்குக்கு 1000 என்று கொடுத்தால் 1024 ஆக்கிக்கொள்ளும். நினைவகம் கணக்காக இருக்கும் இடத்தில் இதைக் கவனித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் 1025 கேட்டால் 2048 ஆகிவிடும்.

த்ரெட் பாதுகாப்பைப் பற்றி அதன் தலைப்புக் கோப்பிலேயே தெளிவாக எழுதியிருக்கிறார்கள். ஒருவர் எழுதி ஒருவர் படித்தால் லாக் வேண்டாம். பலர் எழுதி ஒருவர் படித்தால் எழுதும் பக்கத்துக்கு மட்டும் லாக் போதும். ஒருவர் எழுதிப் பலர் படித்தால் படிக்கும் பக்கத்துக்கு மட்டும். கேஃபைஃபோ_ரீசெட் இரண்டு எண்களையும் பூஜ்யமாக்குவதால் மறுபக்கம் ஓடும்போது அதைத் தொடக் கூடாது. கேஃபைஃபோ_ரீசெட்_அவுட் அவுட்டை இன்னுக்குச் சமமாக்குவதோடு நின்றுவிடும், அதனால் படிப்பவர் மட்டும் அழைத்தால் ஆபத்தில்லை. சுருக்கமாக இருந்தாலும் வேண்டியதெல்லாம் இருக்கிறது. இந்த ஒப்பந்தத்தை நீங்கள் மீறினால் தட்டிக் கேட்க ஆளில்லை என்பதுதான் குறை. இரண்டு பேர் எழுதினாலும் கம்பைலர் ஒன்றும் சொல்லாது, ஓடும்போதும் எச்சரிக்கை வராது. பிழைதேடும் கட்டமைப்பிலாவது எழுதுபவர் யார் என்று பதிந்து வைத்து, வேறொருவர் நுழைந்தால் கத்தும் ஒரு வசதி இருந்திருக்கலாம்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒரே கோரில் ஓடுவதால் மட்டும் எழுதுபவர் ஒருவர் என்று ஆகிவிடாது. ஒரு சாதாரண த்ரெட் வளையத்தில் பாதி எழுதிக்கொண்டிருக்கும்போது அதே கோரில் இன்டரப்ட் வந்து அதுவும் எழுதினால் எழுதுபவர்கள் இருவர்தான். எழுதுபவரை எண்ணும்போது கோரை எண்ணாதீர்கள், எந்தெந்தச் சூழலிலிருந்து எழுதும் வரிகள் ஓடுகின்றன என்று எண்ணுங்கள்.

அடுத்து அந்த இடைவெளி. எழுதும் பக்கத்தில் தரவை நகலெடுத்த பிறகு ரைட் பேரியர் போட்டு, அதற்கப்புறம்தான் இன்னைக் கூட்டுகிறார்கள். ஏஆர்எம்64-இல் அது நிஜமான தடை ஆணையாகவே மாறும். பொட்டலம் முதலில், குறுஞ்செய்தி பிறகு. இது சரி. படிக்கும் பக்கத்தில் இன்னைப் பார்த்து எத்தனை இருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள், உடனே தரவை நகலெடுக்கிறார்கள். நடுவில் ரீட் பேரியரும் இல்லை, அக்வயரும் இல்லை. தரவைப் படிப்பது ஒரு நிபந்தனைக்குப் பிறகு நடக்கிறது என்பது போதாது. நிபந்தனையைப் பொறுத்த சார்பு ஒரு படிப்புக்குப் பிறகு வரும் எழுத்தைத்தான் கட்டிவைக்கும், படிப்புக்குப் பிறகு வரும் படிப்பை அல்ல. ஏஆர்எம் சிப் ஊகத்தில் தரவை முன்கூட்டியே படித்துவைத்து, பிறகு இன்னைப் படித்து, ஊகம் சரிதான் என்று தொடரலாம். அப்படி நடந்தால் கிடைப்பது முந்தைய சுற்றின் எண். எழுதுபவர் தடை போட்டும் படிப்பவர் போடாவிட்டால் ஜோடி முழுமையாகாது.

படித்து முடித்த பிறகு அவுட்டைக் கூட்டும் முன் ஒரு தடை இருக்கிறது, ஆனால் அதுவும் ரைட் பேரியர்தான். முதலில் பார்த்தபோது இது தவறென்றே பட்டது. தரவைப் படிப்பதற்கும் அவுட்டை எழுதுவதற்கும் நடுவில் எழுத்துகளை மட்டும் வரிசைப்படுத்தும் தடை எப்படிப் போதும்? உட்கார்ந்து யோசித்தால் விடை கிடைக்கிறது. படித்த மதிப்பு இன்னொரு நினைவக இடத்தில் எழுதப்படுகிறது. அந்த எழுத்து படிப்பைச் சார்ந்தது, அதனால் படிப்புக்கு முன்பு நடக்க முடியாது. தடை அந்த எழுத்தை அவுட்டுக்கு முன் நிறுத்துகிறது. ஆகவே மொத்தமாக நகலெடுக்கும் கேஃபைஃபோ_அவுட்டில் சுற்றி வளைத்தாலும் வரிசை நிற்கிறது. ஒவ்வொன்றாக எடுக்கும் கேஃபைஃபோ_கெட்டில் மதிப்பு நினைவகத்துக்குப் போகாமல் சிப்பின் பதிவேட்டிலேயே தங்கிவிட்டால் நடுவில் அந்த எழுத்தே இருக்காது, சங்கிலி அறுந்துவிடும். ஏஆர்எம்மில் கெட்டைத் தவிர்த்து அவுட்டையே பயன்படுத்துகிறோம், அதற்குக் காரணம் இதுதான்.

முதல் இடைவெளிக்கு நாங்கள் செய்த தீர்வு எளிமையானது, கேஃபைஃபோவைத் தொடத் தேவையில்லை. முதலில் கேஃபைஃபோ_லென்னைக் கேட்டு எத்தனை இருக்கிறது என்று வாங்கிக்கொள்கிறோம். அடுத்த வரியில் நாங்களே ஒரு ரீட் பேரியர் போடுகிறோம். அப்புறம் அந்த எண்ணிக்கை அளவுக்கு மட்டும் கேட்டு எடுக்கிறோம். உள்ளே அது இன்னை மறுபடி படிக்கும், ஆனால் இன் கூடிக்கொண்டே போகுமே தவிரக் குறையாது. நாம் கேட்ட அளவு பேரியருக்கு முன்பே வெளியிடப்பட்டுவிட்டது, தரவைப் படிப்பது பேரியருக்குப் பிறகு. இன்டெல்லில் அந்த வரி கம்பைலருக்கான குறிப்பாக மட்டும் சுருங்கிவிடும், சிப்புக்குச் செலவில்லை. ஏஆர்எம்மில் ஒரு ஆணை கூடும். எங்கள் மாதிரி மொத்தமாக எடுப்பவர்களுக்கு அது கணக்கில் வராத செலவு. எங்கள் வரைபடத்தில் அந்த முட்கள் இப்போது இல்லை.

படிப்பவர்கள் பலர் ஆவதும் நினைத்ததைவிட எளிதில் நடக்கும். சாதனக் கோப்பை இரண்டு நிரல்கள் திறந்தாலே போதும். அங்கே தூங்காமல் சுழன்றுகொண்டே காத்திருக்கும் ஸ்பின்லாக் போடலாம் என்று கை போகும், போடாதீர்கள். தரவைப் பயனர் நினைவகத்துக்கு நேராக நகலெடுக்கும் கேஃபைஃபோ_டு_யூசர் தூங்க நேரிடலாம், ஸ்பின்லாக்கைப் பிடித்துக்கொண்டு தூங்கக் கூடாது. தூங்கிக் காத்திருக்க விடும் லாக்கான மியூடெக்ஸ்தான் சரி. கெர்னல் மூலத்தின் சாம்பிள்ஸ் அடைவில் இருக்கும் கேஃபைஃபோ உதாரணங்களும் அப்படித்தான் செய்கின்றன. தலைப்புக் கோப்புக்கு அடுத்து அவற்றைப் படியுங்கள்.

எங்கள் அடுத்த மாடலில் இரண்டு உணர்கருவிகள். இரண்டு கையாளிகள், இரண்டு கோர்கள், ஒரே வளையம் என்றால் எழுதும் பக்கத்தில் லாக் வேண்டும். அதற்கென்று கேஃபைஃபோ_இன்_ஸ்பின்லாக்டு இருக்கிறது. நாங்கள் அதை எடுக்காமல் உணர்கருவிக்கு ஒரு வளையம் என்று வைத்து, படிக்கும் நிரல் நேர முத்திரையைப் பார்த்து இரண்டையும் கோக்கும்படி செய்தோம். ஒருவர் எழுத ஒருவர் படிக்க என்ற ஒப்பந்தம் அப்படியே நிற்கிறது. கெர்னலின் ஓட்டத்தைப் பதிவுசெய்யும் எஃப்ட்ரேஸின் ரிங் பஃபரில் ஸ்டீவன் ரோஸ்டெட் கோருக்கு ஒரு வளையம் என்று வைத்திருப்பதும் இதே வழிதான். எழுதுபவர்களை மோதவிடாமல் பிரித்து வைப்பதைவிட மலிவான பாதுகாப்பு இல்லை.

வேகம் வேண்டுபவர்களுக்கு ஒரு குறை சொல்ல வேண்டும். இன், அவுட் இரண்டும் கட்டமைப்பில் அடுத்தடுத்து இருக்கின்றன. எட்டு பைட்டுக்குள் இரண்டும் அடங்குவதால், கோர் ஒரே மூச்சில் எடுத்துவைக்கும் நினைவகத் துண்டான கேஷ் லைன் ஒன்றில்தான் உட்காரும். ஏ72-இல் ஒரு லைன் 64 பைட். எழுதுபவர் இன்னைத் தொடும்போதெல்லாம் படிப்பவரின் கோரில் இருக்கும் லைன் செல்லாமல் போகும், மறுபக்கமும் அப்படியே. பம்பு அதிர்வுக்கு இது தெரியவே தெரியாது. நொடிக்கு லட்சக்கணக்கில் நெட்வொர்க் பொட்டலங்களைத் தள்ளுகிறவர்கள் சுட்டெண்களைத் தனித்தனி லைனில் வைக்கும் வளையத்தைத் தேடுங்கள்.

நிரம்பினால் கேஃபைஃபோ பழையதை அழிக்காது, புதியதை மறுக்கும். கேஃபைஃபோ_இன் எத்தனை வைக்க முடிந்ததோ அந்த எண்ணிக்கையைத் திருப்பித் தரும். அதைப் பார்த்து இழப்பை எண்ணி வைப்பது உங்கள் பொறுப்பு. விபத்துக்கு முந்தைய கடைசி நொடிகள்தான் வேண்டும், பழையது போனால் போகட்டும் என்பவர்களுக்கு இது பொருந்தாது. எஃப்ட்ரேஸின் பஃபரில் மேலெழுதும் முறை உண்டு.

ஒப்பிட்டுப் பார்க்க மற்றவற்றையும் திறந்து படித்தேன். அதில் என் மனதைக் கவர்ந்தது கெர்னல் தன் செய்திகளைப் பதிய ஜான் ஓக்னெஸ் எழுதிய பிரின்ட்கே வளையம், 2020 டிசம்பரில் கெர்னல் 5.10-ஓடு வந்தது. எத்தனை பேர் எழுதினாலும், மறைக்க முடியாத என்எம்ஐ இன்டரப்டுக்குள்ளிருந்து எழுதினாலும் லாக் இல்லாமல் தாங்கும். அதற்கு முன் பிரின்ட்கே ஒரு லாக்கை நம்பியிருந்தது, என்எம்ஐக்குள் வரும் செய்திகளைத் தற்காலிகமாகத் தனி இடத்தில் வைத்துக்கொண்டது. புதியதில் ஒவ்வொரு பதிவும் ஒதுக்கியது, எழுதி முடித்தது, இறுதியானது, மறுபடி பயன்படுத்தக்கூடியது என்று நிலை மாறிக்கொண்டே போகும். ஒவ்வொரு பேரியருக்கும் ஒரு பெயர்ச்சீட்டு, அது எந்தப் பேரியரோடு ஜோடி என்ற குறிப்பு. பழைய எண் ஒரு சுற்று சுற்றி அதே எண்ணாக வந்து ஏமாற்றும் ஏபிஏ சிக்கலையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். 32 பிட் கணினியில் ஒரு வேலை குறுக்கிடப்பட்டு நிற்கும்போது என்எம்ஐயிலிருந்து 1 கிலோபைட் செய்திகள் 40 லட்சம் வந்தால் எண் முழுச் சுற்று சுற்றிவிடலாம் என்று கணக்கோடு சொல்கிறார். தன் பொருள் எங்கே உடையும் என்று செய்தவரே எழுதி வைப்பது எனக்குப் பெரிய மதிப்பைத் தருகிறது. ஆனால் அது பிரின்ட்கேக்காகக் கட்டியது, டிரைவரில் எடுத்துப் போட்டுக்கொள்ளும் பொது நூலகம் அல்ல.

கெர்னலுக்குள் சின்ன நிரல்களை ஏற்றி ஓட்டும் பிபிஎஃப் வசதிக்காக ஆண்ட்ரி நக்ரைகோ எழுதிய ரிங் பஃபர் கெர்னல் 5.8-இல் வந்தது. பல கோர்கள் ஒரே வளையத்தில் எழுத, பயனர் நிரல் ஒன்று படிக்கும். தரவுப் பக்கங்களை நினைவகத்தில் அடுத்தடுத்து இருமுறை பதிப்பதால் கடைசியில் மடியும் பதிவும் தொடர்ச்சியாகத் தெரியும், அழகான வேலை. இடம் ஒதுக்கும்போது ஒரு ஸ்பின்லாக் எடுக்கும், என்எம்ஐக்குள் அந்த லாக் கிடைக்காவிட்டால் ஒதுக்கீடு தோற்கும். பிபிஎஃப் நிரல் எழுதுபவர்கள் அதையே எடுத்துக்கொள்ளலாம்.

கேஃபைஃபோ எடுப்பதாக இருந்தால் கூடவே கெர்னல் ஆவணத்தில் டேவிட் ஹவல்ஸும் பால் மெக்கென்னியும் வட்ட பஃபர்கள் பற்றி எழுதியதைப் படித்துவிடுங்கள். அக்வயர், ரிலீஸ் ஜோடியை இரண்டு பக்கமும் எப்படிப் போடுவது என்று அங்கே முழுதாக இருக்கிறது. கேசிசான் என்ற தரவு மோதல் கண்டறியும் வசதி 5.8-இலிருந்து கெர்னலிலேயே உண்டு, சோதனைக் கட்டமைப்பில் அதை ஓட விடுங்கள். லாக் இல்லாமல் வேண்டுமென்றே படிக்கிறேன் என்று காட்டும் ரீட் ஒன்ஸ் போன்ற குறியீடு இல்லாமல் கேஃபைஃபோ தன் சுட்டெண்களை வெறுமனே படிப்பதால், வரும் அறிக்கைகளில் எது உங்கள் வரி, எது அதன் வரி என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும். முக்கியமாக, இன்டெல் கணினியில் மட்டும் சோதித்துவிட்டு முடித்துவிடாதீர்கள். சிம் லிம் டவரில் ஒரு நான்கு கோர் ஏஆர்எம் பலகையை வாங்கி மேசையில் வையுங்கள். எழுதும் த்ரெடை ஒரு கோரிலும் படிக்கும் த்ரெடை இன்னொரு கோரிலும் கட்டிப்போட்டு, வளையத்தைச் சின்னதாக வைத்து, வரிசை எண்ணைத் தரவாகப் போட்டு இரவு முழுக்க ஓட விடுங்கள். எண் ஒன்று பின்னோக்கிப் போனால் காலையில் பதிவில் தெரிந்துவிடும்.

ஒருவர் எழுதி ஒருவர் படிக்கும் டிரைவர்களுக்கு நான் கொடுப்பது ஐந்தில் நான்கு நட்சத்திரம். படிக்கும் பக்கத்தில் இன்னை அக்வயரோடு படிக்கும் பதிப்பு வந்தால் ஐந்தாவதையும் கொடுத்துவிடுவேன், எங்கள் டிரைவரில் நாங்கள் சேர்த்த அந்த ஒற்றை வரியையும் எடுத்துவிடுவேன்.